உறைய வைத்த குக்கீ மாவு விற்கிறீர்களா? பாக்கெட் போடுவதில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வீட்டில் குக்கீ மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, உறைய வைத்து பாக்கெட்டாக விற்பது நல்ல தொழில். வாங்குபவருக்கு மாவு பிசையும் வேலை மிச்சம். நினைத்த நேரத்தில் நாலு குக்கீ சுடச்சுடக் கிடைக்கும். ஆனால் புகார் வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் மாற்றுவது கவரைத்தான். இன்னும் தடிமனான கவர், இன்னும் விலை கூடிய கவர் என்று தேடிப் போகிறார்கள். கவரால் ஒன்றே ஒன்றுதான் முடியும்: உள்ளே போகும்போது மாவு எந்த நிலையில் இருந்ததோ, அதைக் காப்பாற்றும். அரைகுறையாக உறைந்த மாவை உள்ளே வைத்தால் எந்தக் கவரும் உதவாது. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் சீல் போடுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதற்கும் முதலில் ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். உறைந்த உணவுக்கு வேண்டியது மைனஸ் 18 டிகிரி. குக்கீ மாவில் சர்க்கரை அதிகம். சர்க்கரை கரைந்த நீர் சுத்தமான தண்ணீர் உறையும் குளிரில் முழுதாக உறையாது. மைனஸ் 6, மைனஸ் 8 டிகிரியில் ஐஸ் கட்டி கல்லாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் மாவு உருண்டை மேலே மட்டும் கெட்டியாக, நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டியில் பல நேரம் இதுதான் நிலைமை. பெட்டியின் மேல் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் மைனஸ் 6, இரண்டென்றால் மைனஸ் 12, மூன்றென்றால்தான் மைனஸ் 18. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன ஸ்டார் ஸ்டிக்கர் வேறு. அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. விற்பனைக்கென்று செய்வதாக இருந்தால் சின்னதாக ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கிவிடுங்கள். கவருக்குச் செலவழிப்பதை விட இது முக்கியம்.

உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன

ஒட்டிய இடத்தைப் பாருங்கள். ஒட்டிய பக்கம் தட்டையாக அமுங்கியிருந்தால், மாவு மெத்தென்று இருக்கும்போதே கவரில் போட்டிருக்கிறீர்கள். உருண்டையின் வடிவம் மாறாமல், இடையில் பனி மட்டும் பசை மாதிரி பிடித்திருந்தால் காரணம் வேறு. அது அடுத்த பகுதியில் வருகிறது.

அமுங்கி ஒட்டியதற்குத் தீர்வு, தட்டில் வைத்து முதலில் தனியாக உறைய வைப்பது. தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, உருண்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே இன்னொரு பேப்பர் மூடி உள்ளே வையுங்கள். 40 கிராம் உருண்டை நல்ல ஃப்ரீசரில் மூன்று நான்கு மணி நேரத்தில் இறுகும். இரவு முழுக்க விட்டால் கவலையே இல்லை. தயாரா என்று பார்க்க ஒரு உருண்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். கத்தி உள்ளே இறங்கத் தயங்க வேண்டும், வெட்டிய நடுப்பகுதியில் கட்டைவிரலை அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. பள்ளம் விழுந்தால் தட்டு திரும்ப உள்ளே போகட்டும்.

இன்னொரு யோசனை. உருண்டையாக விடாமல், அதிரசத்துக்குத் தட்டுவது போல ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு லேசாகத் தட்டி உறைய வையுங்கள். சீக்கிரம் உறையும், கவரில் காற்றிடம் குறைவாக அடுக்கலாம், சுடும்போது நடு வேகாத தொல்லையும் குறையும். நான் உருண்டையை விட வட்டையைத்தான் சிபாரிசு செய்வேன்.

கவருக்குள் பனி படிகிறது

பனியில் இரண்டு விதம் உண்டு. கவரின் உள்சுவரில் மெல்லிய வெண்தூளாகப் படிந்திருந்தால், ஃப்ரீசரின் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை சூடு ஏறும்போதும் மாவின் மேல்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாக வெளியேறி, மறுபடி குளிரும்போது கவரில் பனியாக ஒட்டும். அடிக்கடி கதவு திறப்பது ஒரு காரணம். தானாகப் பனி நீக்கும் ஃப்ரிட்ஜ்கள் அவ்வப்போது உள்ளே சூடேற்றித்தான் பனியைக் கரைக்கின்றன என்பது இன்னொன்று. தினசரி ஐஸ்கிரீம், பட்டாணி எடுக்கிற வீட்டு ஃப்ரீசரில் விற்பனைச் சரக்கை வைக்காதீர்கள்.

பனி கவரின் அடியில் கட்டியாக, கண்ணாடி மாதிரி உறைந்திருந்தால் அது ஈரத்தோடு பேக் செய்ததன் விளைவு, அல்லது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. சென்னை போன்ற கடலோர ஊரில் முதல் காரணம்தான் அதிகம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த தட்டை மேஜையில் வைத்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். உருண்டை மேல் முதலில் மங்கலாக ஒரு வெண்படலம் வரும், பிறகு அது மினுமினுப்பாகும், அப்புறம் துளித்துளியாக நிற்கும். அது மாவிலிருந்து வந்த தண்ணீர் இல்லை, அறைக்காற்றில் இருந்தது. அந்தத் துளியோடு சீல் போட்டால் அதுதான் உள்ளே ஐஸ் ஆகும், உருண்டைகளை ஒட்டவும் வைக்கும்.

அதனால் ஒரே நேரத்தில் ஒரு தட்டு மட்டும் வெளியே எடுங்கள். கவர்களைத் திறந்து, லேபிள் ஒட்டி, தராசை ஆன் செய்து, எல்லாம் தயாரான பிறகு தட்டை எடுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கே உட்கார்ந்து பேக் செய்யுங்கள். ஏசி காற்றில் ஈரம் குறைவு. சமையலறையில் சாதம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

ஓரங்கள் வெளுத்து, வறண்டு, சுட்டால் மண் மாதிரி உதிர்கின்றன

இதை ஃப்ரீசர் பர்ன் என்பார்கள். உறைந்த நீர் தண்ணீராக மாறாமலே நேரடியாக ஆவியாகிப் போவதால் வரும் வறட்சி. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ருசி போய்விடும். காற்றுப் பட்ட வெண்ணெய் சிக்கு வாடையும் அடிக்கும். அப்படி ஆன பாக்கெட்டை விற்காதீர்கள்.

இங்கேதான் கவர் உண்மையாகவே முக்கியம். மளிகைக்குப் போடும் மெல்லிய கவர் ஈரத்தையும் காற்றையும் கசியவிடும். பல அடுக்கு ஒட்டிய பவுச் வாங்குங்கள்: வெளியே பாலியெஸ்டர் அல்லது நைலான், உள்ளே பாலித்தீன். உணவுக்கு உகந்தது என்று விற்பவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், உறைநிலைக்குத் தாங்குமா என்றும் கேளுங்கள். சீல் போடும் முன் கவரை மேஜை விளிம்பில் வைத்து, கீழிருந்து மேலாகக் கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். 6 உருண்டைக்கு 10 உருண்டை கொள்ளும் பவுச் போடுவது அழகாகத் தெரியலாம், ஆனால் மிச்ச இடமெல்லாம் காற்று.

வேக்யூம் மெஷின் வைத்திருப்பவர்கள் மாவு நன்றாக இறுகிய பிறகே காற்றை உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் உருண்டைகள் நசுங்கி ஒரே பாளமாகிவிடும். வேக்யூம் பாக்கெட்டை வெளியே வைத்து இளக விடக் கூடாது என்றும் லேபிளில் எழுதுங்கள்.

சீல் பிரிகிறது, அல்லது கவர் விரிசல் விடுகிறது

இரண்டும் வேறு வேறு. மொடமொடவென்று சத்தம் போடும் பளபளப்பான கவர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பிஸ்கட், முறுக்குக்கு அருமையாக இருக்கும், ஆனால் ஃப்ரீசர் குளிரில் முறுகிப்போய், கீழே விழுந்தால் மூலையில் விரிசல் விடும். பாலித்தீன் அந்தக் குளிரிலும் வளையும். கையில் இருக்கும் கவரைச் சோதிக்க, காலியாக ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு கசக்கிப் பாருங்கள்.

சீல் பிரிந்தால் பிரிந்த இடத்தை விரலால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வெண்ணெய் பட்ட இடத்தில் இரண்டு பக்கமும் உருகி ஒன்றாகாது. ஒட்டியது போலத் தெரிந்து, குளிரில் பிரியும். கவரின் வாயை வெளிப்பக்கமாக இரண்டு அங்குலம் மடித்து வைத்துக்கொண்டு உருண்டைகளை உள்ளே போடுங்கள், பிறகு மடிப்பை நிமிர்த்தி சீல் போடுங்கள். மாவுத் தூளும் ஈரமும் கூட இதே தொல்லையைத் தரும்.

பிசுக்கு இல்லாமல் பிரிந்தால் சூடு போதவில்லை. கை சீலிங் மெஷினில் சூட்டைக் குறிக்கும் நம்பரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். விளக்கு அணைந்த உடனே கையைத் தூக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று விநாடி அழுத்தியே வைத்திருந்தால்தான் உருகியது ஆறி இறுகும். மாறாக, சீல் கோட்டை ஒட்டியே கவர் கிழிந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் மெலிந்துவிட்டது.

ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பாக்கெட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். சீல் கோட்டிலிருந்து வரிசையாகக் குமிழி வந்தால் கசிவு. ஒரு நிமிட வேலை. சோதித்த பாக்கெட்டை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிப் பவுச் வைத்திருப்பவர்கள் ஜிப்பை மட்டும் நம்பக் கூடாது. ஜிப் என்பது வாங்கியவர் திறந்து மூட வசதிக்காக. அதற்கு மேலே சீல் கோடு அவசியம்.

மாவில் வேறு வாசனை

வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வஞ்சிரம் துண்டுகள், ஊறவைத்த சிக்கன், கட்டிப் பெருங்காயம், பூஜைக்கு வாங்கிய மல்லிகைச் சரம் என்று நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இல்லாத வாசனை இல்லை. மல்லிகை வாசம் ஏறிய சாக்லேட் குக்கீயை யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். மூடாமல் தட்டில் உறைய வைக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வாசனை ஏறுகிறது, பேக் செய்த பிறகு அல்ல. ஃப்ரீசர் தனியாக இருக்க வேண்டும், தட்டு மூடியிருக்க வேண்டும்.

லேபிள் உரிகிறது, எழுத்து கலைகிறது

உறைந்த கவர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒட்டாது. கவர் காலியாக, உலர்ந்து, அறைச் சூட்டில் இருக்கும்போதே ஒட்டி, நன்றாகத் தேய்த்து, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். காகித ஸ்டிக்கரை விட பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஈரம் தாங்கும். ஆர்டர் கொடுக்கும்போது ஃப்ரீசருக்கு என்று சொல்லிக் கேளுங்கள், அதற்கென்று பசை தனியாக உண்டு. இங்க்ஜெட்டில் அச்சடித்தது ஈரம் பட்டால் ஓடும், லேசர் பரவாயில்லை. தேதியை பால்பாயிண்ட் பேனாவால் எழுதாமல் அழியாத மார்க்கரால் எழுதுங்கள்.

லேபிளில் என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்த விஷயம். வீட்டில் செய்தாலும் விற்பனை என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும் என்பேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுங்கள். கோதுமை, பால், முட்டை, சோயா, கொட்டை வகை போன்ற ஒவ்வாமைப் பொருட்களைத் தனியாகச் சொல்லுங்கள். தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் முகவரி எல்லாம் வேண்டும்.

இதில் நிறையப் பேர் தவறவிடுவது முட்டைக் குறி. முட்டை சேர்த்த மாவு நம் சட்டப்படி அசைவம். பச்சை வட்டம் போடக் கூடாது. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும்.

எடை குறைகிறது என்று புகார்

கவரோடு சேர்த்து எடை போட்டீர்களா என்று பாருங்கள். தராசில் காலிப் பவுச்சை வைத்துப் பூஜ்யம் ஆக்க வேண்டும். அப்புறம் மாவிலிருந்து ஈரம் போனாலும் சில கிராம் குறையும். 240 கிராம் என்று போட்டால் 6 உருண்டையும் 41, 42 கிராமாக இருக்கட்டும்.

வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது இளகிவிடுகிறது

மே மாதச் சென்னையில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள். சாதாரண ஐஸ் பேக் உருகுவது பூஜ்ய டிகிரியில். உங்கள் மாவு புறப்படுவது மைனஸ் 18-ல். ஆகவே ஐஸ் பேக் மாவை உறைநிலையில் வைக்காது, இளகுவதைத் தள்ளிப்போடும். ஊருக்குள் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இது போதும், முறையாகச் செய்தால்.

முறை என்றால் இதுதான். தெர்மாகோல் பெட்டியின் சுவர் ஓர் அங்குலமாவது தடிமன் இருக்க வேண்டும். பெட்டியையும் முன்னதாகக் குளிரவையுங்கள். ஜெல் பேக்குகள் முந்தின நாளே டீப் ஃப்ரீசரில் போயிருக்க வேண்டும். பாக்கெட்டுகளைச் சுற்றிலும், முக்கியமாக மேலேயும் ஜெல் பேக் வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். மிச்ச இடத்தைக் கசக்கிய செய்தித்தாளால் நிரப்பி, மூடியின் இடுக்கைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். டெலிவரி பையன் வாசலில் நின்று போன் செய்த பிறகுதான் மாவு ஃப்ரீசரை விட்டு வெளியே வர வேண்டும். வாங்குபவருக்கும் முன்கூட்டியே சொல்லி, ஃப்ரீசரில் இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, குளிருக்குக் குறைவில்லை. ஆனால் அது கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். காற்றுப் போகாமல் மூடிய பெட்டி வெடிக்கலாம், மூடிய காருக்குள் மூச்சு முட்டும், வெறுங்கையால் தொட்டால் தோல் பொசுங்கும். கையாளத் தெரியாதவர்கள் இரு சக்கர வண்டிக்காரர் கையில் அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். இரவு முழுக்கப் போகும் வெளியூர் கூரியருக்கு ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்வதே நல்லது. அங்கே சுட்ட குக்கீயை அனுப்புங்கள்.

கரண்ட் போய்விட்டது, சரக்கு இருக்கிறது

கதவைத் திறக்காதீர்கள். நிறைய அடுக்கிய டீப் ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைத் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மதியம் கொடுக்கும் மின்தடைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்தது போல நாள்கணக்கில் போனால்தான் கணக்கு வேறு.

நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்தது எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஐந்து ரூபாய் நாணயம் வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் டம்ளர் அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தச் சரக்கு விற்பனைக்கு ஆகாது. நாணயம் மேலேயே இருந்தால் மட்டும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நான் முன்பே சொன்ன சர்க்கரைக் காரணத்தால், ஐஸ் உருகும் முன்னரே மாவு இளகத் தொடங்கியிருக்கும். ஒரு பாக்கெட்டைப் பிரித்து உருண்டைகளின் வடிவத்தைப் பாருங்கள், ஒன்றைச் சுட்டும் பாருங்கள்.

வாங்கியவர் சுட்டால் அப்பளமாகப் பரவுகிறது, அல்லது உள்ளே வேகவில்லை

பரவினால் மூன்று சந்தேகங்கள். அவர் மாவை மேஜையில் வைத்து இளகவிட்டிருக்கலாம். அவன் அடுப்பு சூடேறும் முன்னரே தட்டை உள்ளே வைத்திருக்கலாம். வெண்ணெய் உருகி ஓடிவிடும், மாவு பிறகுதான் இறுகத் தொடங்கும். அல்லது மாவு எங்கோ வழியில் இளகி மறுபடி உறைந்திருக்கும். மூன்றாவதானால் மாவில் சேர்த்த சமையல் சோடாவின் வேலையும் கொஞ்சம் முடிந்துபோயிருக்கும். ஈரம் பட்டதும் அது புளிப்புள்ள பொருளோடு வேலையைத் தொடங்கிவிடுகிறது, குளிர்தான் அதை நிறுத்தி வைக்கிறது. அவரிடம் சுடாத உருண்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமுங்கிய உருண்டை என்றால் தவறு பயணத்தில், வடிவம் கெடாத உருண்டை என்றால் அவன் அடுப்பில்.

நடு வேகவில்லை என்றால் லேபிளில் நீங்கள் எழுதிய நேரம் புது மாவுக்கானதா என்று பாருங்கள். உறைந்த மாவுக்குக் கூடுதலாக ஓரிரு நிமிடம் வேண்டும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஓடிஜி எனும் மேஜை மேல் வைக்கும் மின் அவன். சின்னது, கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்கும். 175 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு, உறைந்த உருண்டை நேராக உள்ளே, 13 முதல் 15 நிமிடம், ஓரம் பொன்னிறமானதும் வெளியே என்று தெளிவாக எழுதுங்கள். இந்த நேரத்தை ஒரு சாதாரண ஓடிஜியில் நீங்களே சுட்டு உறுதிசெய்த பிறகு அச்சடியுங்கள்.

காலாவதித் தேதியையும் இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே தொகுதியில் சில பாக்கெட்டுகளை எடுத்துவைத்து மாதம் ஒன்றாகச் சுட்டுப் பாருங்கள். மைனஸ் 18-ல் மூன்று மாதம் வரை ருசி நன்றாக நிற்கும். அதைத் தாண்டி எழுத ஆசைப்படாதீர்கள்.

பச்சையாகவே சாப்பிட்டுவிட்டார்கள்

இது அடிக்கடி வரும் போன், இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முட்டை சேர்க்காத மாவுதானே, ஒன்றும் ஆகாது என்று பலர் பதில் சொல்கிறார்கள். தவறு. மைதாவும் சமைக்காத பொருள்தான். 2009-ல் அமெரிக்காவில் நெஸ்லேயின் டோல் ஹவுஸ் குக்கீ மாவைப் பச்சையாகச் சாப்பிட்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.கோலி என்ற கிருமியின் தொற்று வந்தது. விசாரணையில் சந்தேகம் போய் நின்றது அதில் சேர்த்த கோதுமை மாவின் மேல்தான். உறைய வைப்பதால் இந்தக் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன, அவ்வளவுதான். மைதாவை வீட்டு அவனில் வறுத்துவிட்டால் போதும் என்பதையும் நம்ப முடியாது. மைதா சீராகச் சூடாகாது.

பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சுடாமல் சாப்பிடக் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும். போன் வந்தால் சாப்பிட்டது எவ்வளவு, எந்தத் தொகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு, கடும் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம் என எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னாலும், அந்தத் தொகுதி எண்ணில் மிச்சம் இருக்கும் பாக்கெட்டுகளை விற்பனையிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டு, வாங்கிய மற்றவர்களுக்கும் போன் செய்யுங்கள்.